ஏறாத ராக்கெட்டும் எங்கள் மண்பானையும்

திருமங்கலம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? 2009 இடைத்தேர்தலும் அதையொட்டி வந்த ‘ஃபார்முலா’வும்தானே! எங்கள் பக்கத்து ஆட்களுக்கும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தது. 2022-இல் திருமங்கலம் அரசு பெண்கள் மேல்நிலைப்பள்ளி மாணவிகள் பத்துப் பேர் ஒரு செயற்கைக்கோள் செய்வதில் பங்கெடுத்தார்கள். அதற்குப் பிறகு, எங்கள் வகுப்பிலாவது, திருமங்கலம் என்றால் ஆசாதிசாட்.

விவரம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சுதந்திரத்தின் 75-ஆம் ஆண்டை ஒட்டி, சென்னையைச் சேர்ந்த ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா என்ற அமைப்பு, நாடு முழுக்க 75 அரசுப் பள்ளிகளில் இருந்து 750 மாணவிகளைச் சேர்த்துக்கொண்டு உருவாக்கிய செயற்கைக்கோள் அது. எடை சுமார் 8 கிலோ. உள்ளே ஒவ்வொன்றும் 50 கிராம் அளவில் 75 சின்னச் சின்னக் கருவிகள். ஹாம் ரேடியோக்காரர்களுக்கான டிரான்ஸ்பாண்டர், கதிர்வீச்சை எண்ணும் கருவி, தன்னைத் தானே படமெடுத்துக்கொள்ளும் செல்ஃபி கேமரா என்று பலதும் அதில் இருந்தன. 50 கிராம் என்றால் எவ்வளவு என்று பார்க்க ஒரு கோழிமுட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். அவ்வளவுதான்.

எங்கள் ஊர் திருமங்கலத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். நான் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை படித்ததும் ஓர் அரசு பெண்கள் மேல்நிலைப்பள்ளியில்தான். அதனால் அது எங்களுக்குப் பக்கத்து வீட்டுச் சேதி மாதிரி. “அவங்ககிட்ட என்னடி இருக்கு, நம்மகிட்ட இல்லாதது?” என்று ஒரு பொறாமை. அதே சமயம், நம் மாதிரி வெள்ளை ரிப்பன் கட்டிய பிள்ளைகள் என்று ஒரு பெருமை.

எஸ்.எஸ்.எல்.வி. என்ற புதிய சின்ன ராக்கெட்டின் முதல் பயணத்தில் அது போனது. 2022 ஆகஸ்ட் 7, ஞாயிற்றுக்கிழமை, காலை 9.18 மணி. செய்த மாணவிகளில் பலர் ஸ்ரீஹரிகோட்டாவுக்கே போய்ப் பார்த்தார்கள். நாங்கள் அவரவர் வீட்டில் செல்போனில். ராக்கெட் நன்றாகத்தான் கிளம்பியது. அப்புறம் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களின் முகம் மாறியது. பிறகு விஷயம் தெரிந்தது. 356 கிலோமீட்டர் உயரத்தில் வட்டமாகச் சுற்ற வேண்டியதை, ஒரு பக்கம் 356, மறுபக்கம் 76 என்று நீள்வட்டத்தில் விட்டுவிட்டது ராக்கெட். இனி இரண்டு செயற்கைக்கோள்களும் பயன்படாது என்று இஸ்ரோ அன்றைக்கே சொல்லிவிட்டது. (இன்னொன்று இஸ்ரோவின் சொந்தச் செயற்கைக்கோள்.)

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் ஒரு கம்பியைக்கூட அதில் மாட்டவில்லை, இருந்தாலும்...

மறுநாள் பள்ளியில் எங்கள் இயற்பியல் டீச்சர் என்ன சொல்லப் போகிறார்கள் என்று எல்லாரும் காத்திருந்தோம். “முயற்சி திருவினையாக்கும்” என்று ஆரம்பிப்பார்கள் என்றுதான் நினைத்தோம். அவர்கள் வந்ததும் கரும்பலகையில் பூமியை வரைந்து, ஒரு வட்டமும் ஒரு நீள்வட்டமும் போட்டார்கள். “76 கிலோமீட்டர்ல காத்து இருக்கா, இல்லையா?” என்று கேட்டார்கள். பாதி வகுப்பு இருக்கிறது என்றது, பாதி இல்லை என்றது. இருக்கிறது, ஆனால் ரொம்பவும் நீர்த்துப்போன காற்று. நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் போகும் பொருளுக்கு அந்தக் காற்றே போதும், இழுத்துக் கீழே போட்டுவிடும். முப்பது நிமிடத்தில் ஈர்ப்புவிசைப் பாடம் ஓரளவு முடிந்துவிட்டது!

என்ன கோளாறு என்பது பின்னால் வெளியே வந்தது. இரண்டாவது அடுக்கு பிரியும்போது ஏற்பட்ட அதிர்வில் முடுக்கத்தை அளக்கும் சென்சார்கள் மிகக் கொஞ்ச நேரம் திணறிவிட்டன. உடனே ராக்கெட்டின் கம்ப்யூட்டர் அவை கெட்டுப்போய்விட்டதாக முடிவு செய்து, சென்சார்களை நம்பாமல் தானாகவே ஓட்ட ஆரம்பித்துவிட்டது. சென்சார் கெடவில்லை. கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டதுதான் கோளாறு. இதை மூடி மறைக்காமல் வெளியே சொன்னார்களே, எனக்கு ராக்கெட் ஏறியிருந்தால்கூட இவ்வளவு பிடித்திருக்காது.

ஏனென்றால் பள்ளிக்கூட அறிவியலில் தோல்வி என்ற ஒன்றே கிடையாது. நீங்களும் ரெக்கார்டு நோட்டு எழுதியிருப்பீர்கள்தானே? தனி ஊசல் சோதனையில் ஈர்ப்பு முடுக்கம் தமிழ்நாடு முழுக்க எல்லாப் பிள்ளைக்கும் 9.8 வரும். விடையை முதலில் எழுதிவிட்டு அளவீட்டைப் பின்னால் எழுதுவது ஒரு கலை :-) எங்கள் டீச்சர் மட்டும் அதை விடவே மாட்டார்கள். 9.3 வந்தால் 9.3 என்றே எழுத வேண்டும், கூடவே ஏன் அப்படி வந்தது என்று இரண்டு வரியும் எழுத வேண்டும். “வந்தது வந்ததுதான்” என்பார்கள். அந்த இரண்டு வரிக்காகவே அவர்கள் மேல் எங்களுக்கு அவ்வளவு எரிச்சல்.

அறிவியல் கண்காட்சிகளும் அப்படித்தான். பேக்கிங் சோடாவும் வினிகரும் ஊற்றிய எரிமலை, சிரிஞ்ச் வைத்த பொக்லைன், தெர்மாகோலில் சூரியக் குடும்பம். எல்லாம் சரியாக வேலை செய்யும், ஏனென்றால் எல்லாருக்கும் விடை முன்பே தெரியும். அதில் பாதி அப்பாவோ சித்தப்பாவோ செய்து கொடுத்தது என்பதும் எல்லாருக்கும் தெரியும். நான் அதைக் குறை சொல்லவில்லை, தெர்மாகோல் வெட்டுவதற்கும் கை வர வேண்டும். ஆனால் அதைச் சோதனை என்று சொல்ல முடியுமா?

சரி, பெண்கள் பள்ளிக்கு வருகிறேன். பெண்கள் மட்டும் படிக்கிற பள்ளி இந்தக் காலத்தில் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. என் பெரியம்மா மகள் இருபாலரும் படிக்கும் பள்ளியில் படித்தவள். அவள் பிராக்டிகல் வகுப்பு எப்படி இருக்கும் என்று ஒருநாள் சொன்னாள். மீட்டரைத் திருகுவது, ஒயரை மாட்டுவது, பேட்டரியைத் தூக்குவது எல்லாம் பையன்கள். அவளுக்குக் கையெழுத்து அழகாக இருக்குமாம், அதனால் ரீடிங் எழுதும் வேலை அவளுக்கு. யாரும் அவளைத் தடுக்கவில்லை, திட்டவில்லை. அது பாட்டுக்கு அப்படி அமைந்துவிட்டது.

எங்கள் லேபில் அப்படி அமைய வழியே இல்லை. ஸ்க்ரூடிரைவர் வேறு எந்தக் கைக்குப் போகும்? ஃபேன் ஓடவில்லை என்றால் பெஞ்சு மேல் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்ப்பதும் நாங்கள்தான். ஸ்பெக்ட்ரோமீட்டரை அலமாரியிலிருந்து இருவராகத் தூக்கி வருவதும், பல்லி செத்துக் கிடந்தால் எடுத்துப் போடுவதும் நாங்கள்தான்.

எங்களுக்கென்று சில விதிகளும் இருந்தன. டேன்ஜென்ட் கால்வனோமீட்டர் சோதனைக்கு முன்னால் டீச்சர் ஒவ்வொருத்தியின் தலையையும் பார்ப்பார்கள். ஹேர்பின், ஸ்லைடு, இரும்பு கலந்த வளையல் எல்லாவற்றையும் கழற்றி வாசலில் ஒரு டப்பாவில் போட வேண்டும். உள்ளே இருப்பது காந்த ஊசி அல்லவா, குனிந்து பார்க்கும்போது தலையில் இருக்கும் பின் அதை இழுத்துவிடும். வேதியியல் லேபில் ஸ்பிரிட் விளக்கு எரிகிறது என்றால் ரெட்டைச் சடையை மடித்துத்தான் கட்ட வேண்டும். சோதனை முடிந்து டப்பாவைத் திறந்தால் நாற்பது பேருடைய பின்னும் ஒன்றாகக் கலந்து கிடக்கும். யாருடையது எது என்று சண்டை. காந்தவியலில் எனக்கு மறக்காத பாடம் அதுதான்.

இப்போது கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். அங்கே ஆண்களும் உண்டு. முதல் பிராக்டிகல் அன்று என் மேசைக்கு வந்த மல்டிமீட்டரை ஒருவர் இயல்பாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நானும் இயல்பாகத் திரும்ப இழுத்துக்கொண்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பெரியம்மா மகளுக்கு அந்த இடத்தில் கை நீண்டிருக்காது, அவள் என்னைவிட நன்றாகப் படிப்பவள்.

இனி பானைக் கதை.

அந்த 2022-இல் பதினொன்றாம் வகுப்பில் நானும் என் தோழியும் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு ஓர் ஆய்வு செய்தோம். 1993-இலிருந்து நாடு முழுக்க நடந்து வந்த மாநாடு அது. தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் ஒருங்கிணைத்தது. கண்காட்சி மாதிரி பொருள் செய்து வைப்பதல்ல அது. உங்கள் ஊரில் ஒரு கேள்வியை எடுத்து, நீங்களே அளந்து, விடை சொல்ல வேண்டும்.

எங்கள் கேள்வி சின்னது: மண்பானைத் தண்ணீர் எவ்வளவு குளிரும்? குளிரும் என்று எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு என்று கேட்டால் வீட்டில் “நல்லாக் குளிரும்” என்பார்கள். அது ஓர் அளவா?

தோழியின் வீட்டுத் திண்ணையில் மூன்று பாத்திரங்கள் வைத்தோம். ஒரு சாதாரண மண்பானை, வெளியே பெயின்ட் அடித்துப் பூப்போட்ட ஒரு பானை, ஓர் எவர்சில்வர் குடம். வேதியியல் லேபிலிருந்து இரண்டு தெர்மாமீட்டர். தராசு இல்லை. அவளுடைய அப்பா லோடுமேன், அவர் மூட்டை இறக்கும் மளிகைக் கடையில் ஓரமாகக் கிடந்த எலக்ட்ரானிக் தராசைச் சொல்லி வாங்கி வந்தார். பானையைத் தூக்கித் தூக்கி எடை பார்த்ததில் எங்களுக்கு இடுப்பு விட்டுப்போனது.

ஆகஸ்டில் ஒரு மதியம் மூன்று மணிக்கு எழுதியது இன்னும் நோட்டில் இருக்கிறது. திண்ணையில் காற்று 36 டிகிரி. எவர்சில்வர் குடத்துத் தண்ணீர் 34. பெயின்ட் பானை 33. வெறும் மண்பானை 27! ஒரு நாளில் மண்பானையின் எடை அரைக் கிலோவுக்கு மேல் குறைந்தது, குடத்தில் ஒன்றுமே குறையவில்லை. அந்த அரைக் கிலோதான் வேலை செய்கிறது. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும். அதை மிச்சத் தண்ணீரிடமிருந்தும் சுற்றியிருக்கும் காற்றிடமிருந்தும் பிடுங்கிக்கொண்டு போகிறது. பெயின்ட் அடித்துவிட்டால் பானையின் நுண்துளைகள் அடைபட்டுவிடும், அப்புறம் அது பானையல்ல, மண்ணால் செய்த குடம். கோடைக்கு அழகான பானை வாங்குகிறவர்கள் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இதுவரைக்கும் பாடப் புத்தகத்தில் இருப்பதுதான். ஐப்பசி மழை ஆரம்பித்ததும்தான் வேடிக்கை. காற்று 27 டிகிரி, பானையில் 26. குளிரவே இல்லை. பானைதான் கெட்டுப்போய்விட்டது, துளை அடைத்துக்கொண்டது, வேறு பானை வாங்குவோம் என்றேன் நான். அவள் பேசாமல் ஒரு தெர்மாமீட்டரின் குமிழில் அவள் அம்மாவின் பழைய சேலைத் துணியைச் சுற்றி, நனைத்து, பானைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டாள். அன்றைக்கு அதுவும் 26 தான் காட்டியது. வெயில் அடித்த நாளில் பார்த்தால் ஈரத்துணி 25, பானை 27. பானையை ஃபேனுக்கு அடியில் வைத்தால் 26. என்ன செய்தாலும் பானை அந்த ஈரத்துணியைத் தாண்டிக் கீழே போகவில்லை.

“அதுதாண்டி தரை. பானை அதுக்குக் கீழ எறங்காது” என்றாள்.

ஈரக்குமிழ் வெப்பநிலை என்று அதற்குப் பெயர் இருப்பது எங்களுக்குத் தெரியாது. டீச்சரிடம் நோட்டைக் காட்டியபோதுதான் தெரிந்தது. டீச்சர் பெயரைச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏற்கனவே உலகத்துக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனால் அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் பக்கத்திலேயே இருந்தேன், எனக்குத் தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியது.

மாவட்ட அளவில் ஒரு நடுவர் நோட்டைப் புரட்டிவிட்டு, “இதெல்லாம் யாரும்மா செஞ்சு கொடுத்தது? அப்பாவா?” என்று கேட்டார். பெண்பிள்ளைகளிடம் இந்தக் கேள்வி வந்தே தீரும் என்று டீச்சர் முன்பே சொல்லி வைத்திருந்தார்கள். அவள், “எங்கப்பா லோடுமேன் சார். தராசு மட்டும் அவர் வாங்கிக் கொடுத்தது” என்றாள். அப்புறம் மழை நாள் எண்களை ஒவ்வொன்றாக, நோட்டைப் பார்க்காமலே சொன்னாள். அந்த நடுவர் அதற்கப்புறம் எங்களிடம் பதினைந்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தார். மாநில அளவுக்குத் தேர்வானோம்.

பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது. மாநில மாநாடு வெளியூரில். இரண்டு ராத்திரி தங்க வேண்டும்.

என் வீட்டில் ஒரு நாள் முணுமுணுத்துவிட்டுச் சரி என்றார்கள். அவள் வீட்டில் முடியாது என்றுவிட்டார்கள். டீச்சர் முதல் தடவை போய்ப் பேசித் தோற்று வந்தார்கள். இரண்டாம் தடவை என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். கையில் ஒரு பேப்பர் கட்டிங், திருமங்கலம் மாணவிகளின் செய்தி.

“நானும் கூடத்தான் வாரேன்ணே. ரெண்டு ராத்திரிதான்.”

“நீங்க கூட்டிட்டுப் போவீங்க டீச்சரம்மா, அதுல ஒண்ணும் இல்ல. பொம்பளப் பிள்ளைய வெளியூர்ல தங்க விட்டா நாளைக்கு ஊரு என்ன பேசும்?”

டீச்சர் கட்டிங்கை நீட்டினார்கள். “நம்ம திருமங்கலத்துப் பிள்ளைங்க. இதுவும் பொம்பளப் பிள்ளைங்க செஞ்ச ராக்கெட்டு சாமான்தான். ஆந்திரா வரைக்கும் போய்ப் பாத்திருக்காங்க.”

அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் கேட்டார்: “அது மேல ஏறுச்சா?”

எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. ஏறியது என்று ஒரு வார்த்தை சொன்னால் காரியம் முடிந்துவிடும். அவருக்குத் தெரியவா போகிறது?

“ஏறலண்ணே. வழி தப்பிருச்சு.”

“ஏறாததுக்கா பேப்பர்ல போட்டிருக்கான்?” என்று அவர் சிரித்துவிட்டார். அடுப்படியிலிருந்து அவள் அம்மாதான், “நானும் கூடப் போயிட்டு வரட்டா?” என்று கேட்டார். யாரும் அதை எதிர்பார்க்கவில்லை. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், சொல்லவில்லை. அப்படித்தான் போனோம், மாணவிகள் இரண்டு பேர், டீச்சர் ஒருவர், அம்மா ஒருவர்.

மாநில அளவில் எங்களுக்குத் தேர்வு கிடைக்கவில்லை. தேர்வான ஆய்வுகள் நிஜமாகவே நன்றாக இருந்தன, வருத்தம் இல்லை. அவள் அம்மா அந்த மூன்று நாளும் எல்லா மேசைக்கும் போய் நின்று, ஒவ்வொரு பிள்ளையிடமும் “இது என்னம்மா?” என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் எங்களைவிட அவர்தான் அதிகம் பேசினார்.

2023 பிப்ரவரி 10 அன்று எஸ்.எஸ்.எல்.வி. இரண்டாம் முறை கிளம்பியது. அதில் ஆசாதிசாட்-2 இருந்தது, அதே மாதிரி 750 மாணவிகள் சேர்ந்தது. இந்த முறை 450 கிலோமீட்டர் உயரத்தில் சரியாகக் கொண்டுபோய் விட்டது. அன்று சாயங்காலம் அவள் அப்பா அவளிடம், “ஒங்க டீச்சர்ட்டச் சொல்லு, ஏறிருச்சாம்” என்றாராம். யாரோ கடையில் செல்போனில் காட்டியிருக்கிறார்கள்.

அந்த வருஷம் செப்டம்பர் 2-ஆம் தேதி ஆதித்யா எல்-1 போனபோது எங்கள் பள்ளிப் பிரேயரில் ஒரே கொண்டாட்டம். திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். அங்கே அரசு பெண்கள் பள்ளியில் படித்து, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரிக்குப் போய், 1987-இல் இஸ்ரோவில் சேர்ந்தவர். 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இடத்துக்கு அந்த விண்கலம் 2024 ஜனவரி 6-இல் போய்ச் சேர்ந்தது. மேடையில் பேசிய எல்லாரும் “நீங்களும் நிகர் ஷாஜி ஆகலாம்” என்றார்கள். ஆகலாம்தான். ஆனால் செங்கோட்டைக்கும் இஸ்ரோவுக்கும் நடுவில் எத்தனை பேர் “முடியாது” என்று சொல்லி, எத்தனை பேர் “நானும் கூடப் போயிட்டு வரட்டா” என்று கேட்டிருப்பார்கள்! அதை யாராவது மேடையில் பேசினால் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்பேன்.

இப்போது உதவிகள் நிறைய வந்துவிட்டன, அதையும் சொல்ல வேண்டும். என் தங்கை படித்தபோது வானவில் மன்றம் வந்துவிட்டது. 2022 நவம்பரில் திருச்சி காட்டூரில் ஒரு பெண்கள் பள்ளியில்தான் அதைத் தொடங்கினார்கள். ஆறாவது முதல் எட்டாவது வரைக்கும் வகுப்புக்கே வந்து சோதனை செய்து காட்டுவார்கள். இன்ஸ்பயர் மானக் என்று ஒன்று, யோசனை தேர்வானால் மாணவியின் வங்கிக் கணக்குக்கே 10,000 ரூபாய் வரும். என் கல்லூரிச் செலவில் ஒரு பங்கு 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்தான். பணம் சின்னதாகத் தெரியலாம். வீட்டில் “படிக்கப் போறேன்” என்று சொல்லும்போது அது குரலைக் கொஞ்சம் உயர்த்தித் தரும்.

ஆனால் பள்ளி வாசலில் கட்டும் பேனரில் யார் படம் வருகிறது என்று பாருங்கள். மதிப்பெண்ணில் முதல் மூன்று பேர், மருத்துவம் கிடைத்தவர்கள், பொறியியல் போனவர்கள். என் தோழி படம் இல்லை.

அவள் ஐ.டி.ஐ.-யில் சேர்ந்தாள். குளிர்பதன–ஏ.சி. மெக்கானிக் டிரேடு, இரண்டு வருஷம். புதுமைப் பெண் பணம் அவளுக்கும் உண்டு. “ஃபர்ஸ்ட் குரூப் எடுத்துட்டு ஐ.டி.ஐ.யா?” என்று கேட்காத ஆள் ஊரில் இல்லை. நானும் நாலு வருஷப் படிப்பாகத்தான் அவள் எடுப்பாள் என்று நினைத்திருந்தேன். அவள் கணக்கு வேறு. சீக்கிரம் சம்பாதிக்க வேண்டும், கை வேலை வேண்டும், வேலை பார்த்துக்கொண்டே டிப்ளமோ படிக்கலாம் என்று விசாரித்தும் வைத்திருக்கிறாள். அவள் பேட்ச்சில் அவள் ஒருத்திதான் பெண். முதல் மாதம் பையன்கள் அவளுக்கு சிலிண்டர் தூக்கித் தர வந்தார்களாம். பத்து லிட்டர் பானையைத் தினம் நாலு தடவை தராசில் ஏற்றி இறக்கியவள் அவள், பாவம் அவர்களுக்குத் தெரியாது!

இதைப் படிப்பில் ஒரு படி இறங்கியதாகச் சொல்பவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. எங்கள் இருவரில் யாருக்கு அறிவியல் கூடுதலாக வரும் என்று எனக்குத் தெரியும். நான் ஈரக்குமிழ் வெப்பநிலைக்குச் சூத்திரம் எழுதுவேன். அவள் அதைப் பழைய சேலைத் துணியில் கண்டுபிடித்தவள். பள்ளியின் சாதனைப் பட்டியலை நான் எழுதினால் அவள் பெயருக்குப் பிறகுதான் என் பெயர். அவள் அம்மா பெயரையும் எழுதுவேன்.

போன பொங்கலுக்குப் பார்த்தபோது ஃபிரிட்ஜ் எப்படி வேலை செய்கிறது என்று எனக்கு விளக்கினாள். நான் வெப்ப இயக்கவியலில் ஒரு பேப்பர் எழுதி முடித்திருந்தேன், ஆனால் இவ்வளவு தெளிவாக எனக்குப் புரிந்ததில்லை.

“நம்ம பானையேதாண்டி. பானையில தண்ணி ஆவியாகி ஓடிப் போயிருது, நாம தெனம் ஊத்துறோம். இதுல ஓடிப் போற கேஸை விடாமப் பிடிச்சு, அமுக்கி, வெளிய சூட்டை எறக்கித் தண்ணியாக்கி, மறுபடி உள்ள அனுப்புறான். அதனாலதான் கரண்டு. பானைக்குத் தரை இருந்துச்சுல்ல, ஈரத்துணி? இதுக்கு அந்தத் தரை கிடையாது. மழை பெஞ்சாலும் குளிரும்.”

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினத்துக்கு டீச்சர் எங்கள் இரண்டு பேரையும் பள்ளிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பழைய கம்ப்ரஸர் ஒன்றைக் குறுக்கே அறுத்து எடுத்துவரப் போகிறாளாம், பிள்ளைகள் உள்ளே பார்க்க வேண்டும் என்று. இருபது கிலோவாவது இருக்கும் போல. பஸ்ஸில் ஏற்ற கண்டக்டர் விடுவாரா என்பதுதான் இப்போதைக்கு எங்கள் கவலை.